கம்பி இறுக்கிய பின் மகளின் முன்பல் ஆடுவது பற்றி

பல்லை வரிசைப்படுத்தப் போட்ட கம்பியை இறுக்கிய மூன்றாம் நாள் உங்கள் மகளின் முன்பல் லேசாக ஆடுகிறது என்றால், அது பெரும்பாலும் விழப்போகும் பல் அல்ல, நகரும் பல். கம்பியைக் கழற்றச் சொல்லாதீர்கள்.

பல்வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனில் நார்த்திசு இருக்கிறது. அழுத்தம் விழும் பக்கம் அது நசுங்கி எலும்பு கரைகிறது. இழுபடும் பக்கம் புது எலும்பு வளர்கிறது. கரைவது வேகம், வளர்வது நிதானம். ஆட்டம் அதனால்தான்.

கைகழுவி, விரல் நுனியால் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். மயிரிழை அசைந்தால் பயமில்லை. மேலும் கீழும் அமுங்கினாலோ, ஈறில் சீழ் தெரிந்தாலோ, வலி ஒரு வாரத்தைத் தாண்டினாலோ, அடுத்த மாதத் தேதிக்குக் காத்திராமல், கம்பி போட்ட டாக்டரைப் பார்க்க மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு பஸ் ஏறிவிடுங்கள்.

பொங்கல் கரும்பைக் கடிக்க விடாதீர்கள், பாவம், சாறாகப் பிழிந்து கொடுங்கள்.