தொழிற்சங்கங்கள் கூலியோடு நிற்காமல் சமூக நீதியையும் ஏன் பேசுகின்றன?

கூலி உயர்வு கேட்க வேண்டிய சங்கங்கள் சமூக நீதியையும் ஏன் கொள்கையாக்குகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். விடை சென்னையின் வரலாற்றிலேயே இருக்கிறது. பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் துணி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு, பி.பி. வாடியா தலைமையிலும் திரு.வி.க. போன்றோரின் துணையுடனும் 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், 1921இல் பல மாதங்கள் நீடித்த வேலைநிறுத்தத்தைச் சந்தித்தது. அப்போது ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினர், புளியந்தோப்பில் கலவரம் மூண்டு உயிர்கள் பலியாயின, போராட்டமும் தோற்றது. திரும்பியவர்களைக் குறைகூறுவதைவிட, அவர்களுடைய நம்பிக்கையைப் பெறத் தவறிய சங்கத்தின் குறையையே நான் பெரிதாகக் கருதுகிறேன். சாதியால் பிளவுண்டவர்கள் கூலிக்காகக்கூட ஒன்றாக நிற்க இயலவில்லை.

இன்று ஒப்பந்த முறை அதே பிளவை வேறு வடிவில் உண்டாக்குகிறது. சமவேலைக்குச் சம ஊதியம் தற்காலிக ஊழியர்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்த பின்னரும், ஒரே வேலைக்கு இருவேறு சம்பளம் வழங்கப்படுவது பல இடங்களில் தொடர்கிறது. சென்னை மாநகராட்சியின் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டதை எதிர்த்து, 2025 ஆகஸ்டில் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் இரவுபகலாக அமர்ந்திருந்த பணியாளர்களில் மிகுதியானோர் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களில் பெண்கள் ஏராளம். பணி நிரந்தரம் என்ற அவர்களுடைய முக்கியக் கோரிக்கைக்குள் ஊதியம், வேலை, மரியாதை ஆகிய மூன்றும் அடங்கியிருந்தன.