களத்துமேட்டில் கோல்ஃப்: முன்னாள் படைவீரர் குடும்பங்கள் கேட்டவை

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வேட்டுச் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப்போடுகிறது, தூக்கமில்லை, வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. மனநல மருத்துவரிடம் காட்டி வருகிறோம். அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்களுக்கு கோல்ஃப் கற்றுத் தருகிறார்களாமே? பணக்காரர் விளையாட்டு நமக்கு ஒத்துவருமா?
– வாசகி, தே.கல்லுப்பட்டி

கேள்விப்பட்டது உண்மைதான். அங்குள்ள கோல்ஃப் பயிற்சியாளர் அமைப்பான பிஜிஏ, 'ஹோப்' என்ற பெயரில் முன்னாள் படைவீரர்களுக்கு 6 முதல் 8 வாரப் பயிற்சியை இலவசமாக நடத்துகிறது. வாஷிங்டன் மாநிலத்தில் 'அமெரிக்கன் லேக்' என்ற மைதானமே உடல் ஊனமுற்ற படைவீரர்கள் ஆடுவதற்கு ஏற்ப அமைக்கப்பட்டது. பந்தைப் போட அதில் 18 குழிகள். அவற்றில் 9ஐ வடிவமைத்துக் கொடுத்தவர் புகழ்பெற்ற கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லாஸ்.

இந்த விளையாட்டில் பந்து அசையாமல் கிடக்கும். எதிராளி பாய்ந்து வரமாட்டார், பின்னாலிருந்து யாரும் இடிக்கமாட்டார்கள். எப்போது அடிப்பது என்பது ஆடுபவர் கையில். நாலு பக்கமும் நோட்டம் பார்த்தே பழகிப்போன மனதுக்கு, ஒரு பந்து, ஒரு குழி என்று கவனத்தைக் குவிக்க இதில் இடம் கிடைக்கிறது. தவறினாலும் அடுத்த பந்து உடனே இருக்கிறது. இது மனக்காயத்தை ஆற்றும் மருந்து அல்ல. அதை ஆற்றுவது மருத்துவரின் சிகிச்சை. வாசலைத் தாண்டி வெளியே வர ஒரு காரணத்தைக் கொடுப்பதுதான் இந்த விளையாட்டின் வேலை, அதுவே பெரிய வேலை.

மைதானம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். 18 குழி ஆட்டத்துக்குப் பொதுவாக 72 முறை பந்தை அடிப்பது என்று கணக்கு. அதில் குழிக்கு 2 வீதம் 36 முறை, பந்தைத் தரையில் உருட்டும் 'பட்டிங்'. அந்தப் பாதியை உங்கள் வீட்டு முற்றத்திலேயே பழகலாம்.

கேள்வி: என்னென்ன வாங்க வேண்டும்? எப்படித் தொடங்குவது?
– வாசகர், உசிலம்பட்டி

14 மட்டை கொண்ட முழு செட் வேண்டவே வேண்டாம். பழைய பட்டிங் மட்டை ஒன்று, 7ஆம் எண் இரும்பு மட்டை ஒன்று, கோல்ஃப் பந்து பத்து, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பயிற்சிப் பந்து ஒரு டஜன் போதும். வலக்கைக்காரரா இடக்கைக்காரரா என்று சொல்லி வாங்குங்கள்.

நிஜப் பந்தை உருட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 46 கிராம் எடையுள்ள கெட்டிப் பந்து அது. 7ஆம் எண் மட்டையால் சரியாகப் பட்டால் 100 மீட்டருக்கு மேல் பறக்கும், ஆள் மண்டையை உடைக்கும். ஊருக்குள் தூக்கி அடிப்பதெல்லாம் பிளாஸ்டிக் பந்தில்தான்.

குழிக்கு விதிப்படி விட்டம் 108 மில்லிமீட்டர், ஆழம் குறைந்தது 10 சென்டிமீட்டர். கழிவுநீருக்குப் போடும் 110 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் 10 சென்டிமீட்டர் துண்டு அறுத்து, விளிம்பு தரை மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி மண்ணில் பதியுங்கள். விளிம்பு துருத்தினால் பந்து எகிறும், ஆடுபவருக்கு எரிச்சல் வரும். சிமெண்ட் களத்தில் பந்து நிற்காமல் ஓடும். அங்கே கெட்டியான ஜமுக்காளத்தைச் சுருக்கமில்லாமல் இழுத்து விரித்து, கோடியில் டம்ளரைப் படுக்க வைத்தால் போதும்.

முதல் வாரம் 1 மீட்டர் தூரத்திலிருந்து பத்து பந்து, இரண்டு சுற்று. பத்தில் ஏழு விழுந்த பிறகே 2 மீட்டருக்குப் போகலாம். கண் பந்துக்கு நேர் மேலே இருக்கட்டும். மணிக்கட்டு மடங்கக் கூடாது, தோள் மட்டும் ஊஞ்சல் போல் ஆட வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் ஒரே வரிசை: பந்துக்குப் பின்னால் நின்று குழியைப் பார்ப்பது, மூச்சை மெதுவாக முழுவதும் விடுவது, பக்கத்தில் வந்து நிற்பது, அடிப்பது. மூச்சை அடக்கிக்கொண்டு அடிப்பவர்களுக்குத் தோள் இறுகிப் பந்து விலகும். நீண்ட வெளிமூச்சு பதற்றத்தையும் இறக்கும் என்பதால் இந்த வரிசையை விடாதீர்கள். மூன்றாவது வாரத்தில் பிளாஸ்டிக் பந்தை இடுப்பு உயரத்துக்கு மேல் மட்டை போகாமல் தட்டிவிடப் பழகலாம். முதுகுவலி உள்ளவர்கள் அந்த அரை வீச்சோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஒரு தடவைக்கு 20 நிமிடம், வாரம் மூன்று நாள். நம் ஊர் வெயிலுக்குக் காலை 6 மணி முதல் 8 மணிக்குள் முடித்துவிட வேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் மனநலத்துக்கும் தரும் சில மாத்திரைகள் உடம்பு வெயிலைத் தாங்குவதைக் குறைக்கும். சித்திரையில் ஆட்டத்தையே வீட்டுக்குள் ஜமுக்காளத்துக்கு மாற்றிவிடுங்கள்.

பெரும்பாலும் கெட்டுப்போவது இடத்தேர்விலும் ஆட்களிலும். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும்படி அவரை நிறுத்துங்கள். யார் வந்தாலும் அவர் பார்வைக்கு எதிரே, பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வரட்டும். ஹெலிகாப்டர், விமானச் சத்தம் ஆகாதவர்களுக்கு, மதுரை விமான நிலையத்தை ஒட்டிய அவனியாபுரம், பெருங்குடிப் பக்கம் வேண்டாம். கோயில் கொடைக்கு வேட்டுப் போடும் நாளை முன்கூட்டியே சொல்லி, அன்று ஆட்டத்தை விட்டுவிடுங்கள். பட்டாளத்துப் பழக்கத்தில் சிலர் இதையும் பரேடாக்கி, நூறு பந்து போட்டே தீருவேன் என்று நிற்பார்கள். மூன்று பந்து தொடர்ந்து தவறி முகம் இறுகினால், அரை மீட்டருக்கு வந்து ஒரு பந்தைப் போடவைத்து அன்றைக்கு முடித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நின்று "காலை இப்படி வை, கையை அப்படிப் பிடி" என்று யாரும் சொல்லக் கூடாது.

கேள்வி: அப்பாவுக்கு இடது காலில் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். அவர் ஆடலாமா?
– வாசகர், மேலூர்

தாராளமாக. உருட்டுவதில் சிக்கலே இல்லை. வீசி அடிப்பதில்தான் பார்க்க வேண்டும். வலக்கைக்காரர் அடிக்கும்போது உடம்பு இடது காலின் மேல் திரும்பும். செயற்கைப் பாதம் தரையில் சுழலாது. அந்த முறுக்கு முழுவதும் மேலேறி, காலின் மிச்சப் பகுதி பொருந்தியிருக்கும் கிண்ணத்தில் விழுந்து தோலைத் தேய்க்கும். இடது பாதத்தை நன்றாக வெளிப்பக்கம் திருப்பி வைத்து, வீச்சைக் குறைத்தால் முறுக்கு குறையும். கால் செய்து கொடுத்தவரிடம், முறுக்கைத் தாங்கும் இணைப்பைப் பொருத்த முடியுமா என்றும் கேளுங்கள். (வலது கால் செயற்கை என்றால் அதைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து வைத்து, எடையை முதலிலிருந்தே இடது காலில் போட்டுக்கொள்ளலாம்.)

கணுக்கால் வளையாது என்பதால் வரப்பு, சரிவில் நிற்கவிடாதீர்கள். வியர்வைதான் பெரிய எதிரி. 20 நிமிடத்துக்கு ஒருமுறை காலைக் கழற்றி, துடைத்து உலர்த்தி, வேறு உறை மாட்டவேண்டும். கழற்றிக் கால் மணி நேரமாகியும் சிவப்பு மறையாவிட்டால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். சர்க்கரை நோயும் இருந்தால் வலியே தெரியாமல் புண்ணாகிவிடும். வலிக்கவில்லை என்று அவர் சொன்னாலும், கண்ணால் பார்த்துச் சோதியுங்கள்.

கேள்வி: நானும் பிள்ளைகளும் கூடச் சேர்ந்து ஆடலாமா, அல்லது அவரைத் தனியாக விடுவதா?
– வாசகி, திருமங்கலம்

சேர்ந்து ஆடுங்கள். மாத்திரை எடுத்துக் கொடுப்பவராக, கண்காணிப்பவராகவே இருந்த மனைவி அங்கே ஓர் ஆட்டக்காரர் ஆகிறார். அது உங்களுக்கும் தேவை. தனித்தனியாகக் கணக்கு வைத்தால் வீட்டில் போட்டி மூளும். 'ஸ்கிராம்பிள்' முறைதான் குடும்பத்துக்குச் சரி: எல்லோரும் ஒவ்வொரு பந்து அடிப்பது, அதில் நல்ல இடத்தில் நிற்கும் பந்தைத் தேர்ந்து, எல்லோரும் அங்கிருந்து அடுத்ததை அடிப்பது. மகள் உருட்டிய பந்து அப்பாவுக்குக் கைகொடுக்கும். எந்தப் பந்து நல்லது என்று பேசித்தானே ஆகவேண்டும், நாள் முழுக்கப் பேசாமல் இருக்கும் வீட்டில் அந்தப் பேச்சு முக்கியம்.

பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் மட்டையை அறுத்துக் கொடுக்காதீர்கள், தலை கனத்து மணிக்கட்டு வலிக்கும். மட்டை வீசுபவரைச் சுற்றி 3 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது. எல்லோரும் அடித்து முடித்து மட்டையைக் கீழே வைத்த பிறகே பந்து பொறுக்கப் போகவேண்டும்.

கேள்வி: நன்றாக ஆட ஆரம்பித்துவிட்டார். மாத்திரையைக் குறைக்கலாமா?
– வாசகி, பேரையூர்

கூடாது. மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளை மாத்திரைகூடக் குறைக்காதீர்கள். சில மாத்திரைகளைச் சட்டென நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் முன்பைவிட அதிகமாக வரும். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டத்தின் மதுரை இசிஹெச்எஸ் பாலிகிளினிக்குக்கு அடுத்த முறை போகும்போது, எவ்வளவு நாள் ஆடுகிறார், எப்படித் தூங்குகிறார் என்று எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். இரவில் நிலைமை கைமீறுவது போலத் தோன்றினால் அரசின் மனநல உதவிச் சேவையான 'டெலி மானஸ்' 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். அவருக்காக மட்டுமல்ல, உங்களுக்காகவும் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்வேன் என்று சொன்னால் தனியே விடாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

கேள்வி: கொடைக்கானல் கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிப் போகலாமா?
– வாசகர், சோழவந்தான்

1895இல் தொடங்கிய கிளப் அது. வெளியார் ஆட அனுமதி, கட்டணம், உடை பற்றி முன்பே பேசிவிட்டுப் புறப்படுங்கள். மேடும் பள்ளமுமான தரை என்பதால் முதல் முறை 18 குழி வேண்டாம், சில குழிகளோடு நிறுத்திக்கொள்ளலாம். கூட்டம் ஆகாதவர் என்றால் சீசன் மாதங்களையும் தொடர் விடுமுறைகளையும் தவிர்த்து, வாரநாள் காலையில் போங்கள். கூடவே பழைய பட்டாளத்து நண்பர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். ஒரு குழுவில் 4 பேர் வரை ஆடலாம்.