காதுக்குள் ஒரு நத்தை

கேள்வி: என் பேத்திக்கு இரண்டு வயதில் காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்தியிருக்கிறார்கள். சாதாரண காது மெஷினுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? தலைசுற்றலும் காதால் வருவதுண்டு என்கிறார்களே, அதற்கும் இப்படி ஒரு கருவி உண்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: காது மெஷின் ஒலியைப் பெரிதாக்கித் தருகிறது, அதை வாங்கிக்கொள்ள உட்செவியில், ஒலி அதிர்வை நரம்புக்கு உணர்த்தும் நுண்மயிர் செல்கள் ஓரளவாவது உயிரோடு இருக்க வேண்டும். பிறவியிலேயே காது கேளாத குழந்தைகள் பலருக்கு அந்தச் செல்கள்தான் பழுதடைந்திருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் உள்ள செவி நரம்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. உங்கள் பேத்திக்குப் பொருத்திய கருவி, செல்களைத் தாண்டி அந்த நரம்பையே மின்சாரத்தால் தூண்டுகிறது.

மின்சாரத்தால் ஒலியை உணர முடியும் என்பதை முதலில் தம் காதிலேயே சோதித்தவர் இத்தாலியின் வோல்டா. தாம் உருவாக்கிய மின்கலத்தின் இரு முனைகளையும் காதுகளுக்குள் வைத்தபோது தலைக்குள் ஓர் அதிர்ச்சியும், பின்னர் கெட்டியான ஏதோவொன்று கொதிப்பது போன்ற ஓசையும் எழுந்ததாக 1800இல் எழுதினார். ஆபத்து என்று கருதி அதை அவர் திரும்பச் செய்யவில்லை. பாரிஸில் 1957இல் ஜூர்னோவும் ஐரியஸும் காது கேளாத ஒருவரின் நரம்பருகே கம்பிச்சுருளை வைத்து ஒலியை உணரச் செய்தனர். ஆயினும் ஒரே மின்முனையால் பேச்சைப் புரியவைக்க முடியாது. ஏனெனில், உட்செவியில் நத்தை ஓடு போல இரண்டரைச் சுற்றுச் சுருண்ட காக்ளியாவில் கீச்சென்ற ஒலிக்கு வாசலருகிலும், கனத்த ஒலிக்கு உள்முனையிலும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இறந்தவர்களின் காதுகளில் வெள்ளித் துகள்களைத் தூவி, ஒலியால் எழும் அலை காக்ளியாவில் நகர்வதை விட்டுவிட்டு ஒளிரும் விளக்கின்கீழ் கண்டவர் பெக்கெஷி என்ற விஞ்ஞானி. 1961இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இத்தனை இடங்களுக்கும் மின்முனைகளைக் கொண்டுசேர்ப்பதுதான் பெரும் சிக்கலாக இருந்தது. மெல்போர்னைச் சேர்ந்த காது மருத்துவர் கிரேம் கிளார்க், தம் தந்தையின் காது கேளாமையைப் பார்த்து வளர்ந்தவர். கடற்கரையில் ஒரு சங்குக்குள் புல்லிதழைச் செலுத்திப் பார்த்தவர், நுனி நெகிழ்வாகவும் அடி சற்று விறைப்பாகவும் இருந்தால் அது சுருளுக்குள் வளைந்து செல்வதைக் கண்டார். 1978 ஆகஸ்டில் அவர் குழுவினர் பல மின்முனைகள் கொண்ட தங்கள் கருவியை முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தினர். எனக்கு இவ்வரலாற்றில் மிகவும் பிடித்த காட்சி அந்தப் புல்லிதழ்தான்.

இனி தலைசுற்றல். வியன்னாவில் பாராணி என்ற மருத்துவர் காதைக் கழுவும்போது, நீர் குளிர்ந்திருந்தால் நோயாளிக்குத் தலை சுற்றிக் கண்கள் ஒரு பக்கமாகவும், சூடாக இருந்தால் எதிர்ப்பக்கமாகவும் துடிப்பதைக் கவனித்தார். உட்செவியில் சமநிலையை உணரும் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம் வெப்ப மாற்றத்தால் நகர்கிறது என்ற அவருடைய விளக்கத்திற்கு 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி.

அக்குழாய்களின் நரம்புகளைத் தூண்டும் கருவியும் உண்டு. இரு காதுகளிலும் சமநிலை உணர்வை இழந்த 8 பேருக்கு அதைப் பொருத்தியதில் நடையும் நிற்கும் நிலையும் மேம்பட்டதாக அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவினர் 2021இல் தெரிவித்தனர். எல்லாத் தலைசுற்றலுக்கும் உரியதன்று இது; இன்னும் ஆய்வு நிலையிலேயே இருக்கிறது. சமநிலைக் குழாய்களும் காக்ளியாவும் ஒரே திரவத்தைப் பகிர்ந்துகொள்வதால், பொருத்திய காதில் கேட்கும் திறன் குறையவும் கூடும்.