நடுவே நான்கு மணி நேரம்: தேக்கா போய் வரலாமா?

கேள்வி: திருச்சியிலிருந்து வந்து சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இளநிலை முதலாண்டு சேர்ந்திருக்கிறேன். கெண்ட் ரிட்ஜ் வளாக விடுதியில் இருக்கிறேன். செவ்வாய்க்கிழமை 10 முதல் 12 வரை விரிவுரை. அதற்குப் பிறகு 4 மணிக்குத்தான் டியூட்டோரியல். அந்த இடைவெளியில் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவுக்குப் போய் வரலாமா? ஊர் சுற்ற எந்த நேரம் சரி? நான் சைவம்.

பதில்: போகலாம், ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்புவீர்கள். வகுப்பிலிருந்து வெளியே வந்து, வளாகப் பேருந்துக்குக் காத்திருந்து, கெண்ட் ரிட்ஜ் ரயில் நிலையத்தை எட்டவே இருபது நிமிடம் போய்விடும். அங்கிருந்து வட்டப்பாதை (சர்க்கிள் லைன்) ரயிலில் பொட்டானிக் கார்டன்ஸ் வரை ஐந்து நிறுத்தம், டௌன்டவுன் பாதைக்கு மாறி லிட்டில் இந்தியா வரை மூன்று. ஹார்பர்ஃபிரண்ட் போய் வடகிழக்குப் பாதையில் மாறினால் மொத்தம் பத்து நிறுத்தம். எப்படிப் போனாலும் வாசலிலிருந்து வாசலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். மிஞ்சுவது இரண்டு மணி நேரம். அதுவும் உச்சி வெயிலில், மடிக்கணினியைச் சுமந்துகொண்டு. வேர்த்து விறுவிறுத்து வந்து குளிரூட்டிய வகுப்பில் உட்கார்ந்தால் நடுங்கும். பையில் ஒரு மெல்லிய ஸ்வெட்டர் எப்போதும் இருக்கட்டும்.

அந்த நான்கு மணி நேரத்தைப் படிப்புக்குக் கொடுங்கள். உங்கள் பல்கலைக்கழகக் கணக்கில் நான்கு யூனிட் பாடம் ஒன்றுக்கு வாரம் 10 மணி நேர உழைப்பு. ஐந்து பாடம் எடுத்தால் 50 மணி நேரம். அட்டவணையில் கட்டம் காலியாகத் தெரிவதால் நேரம் கிடக்கிறது என்று தோன்றும். ஆறாவது வாரம் முடிந்து இடைவேளை வாரம் வரும்போதுதான் எவ்வளவு பாக்கி என்று தெரியும். பகலில் வேலையை முடித்தால் ஒரு மாலையும் சனிக்கிழமையும் முழுதாக உங்கள் கையில். 12 மணிக்கு கேன்டீனில் வரிசை நீளும், 1.30 மணிக்கு மேல் போனால் உட்கார இடம் கிடைக்கும்.

வெள்ளிக்கிழமை மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணிக்குள் கிளம்பினால் அலுவலகக் கூட்டத்துக்கு முன்பே ரயிலில் ஏறிவிடலாம். தேக்காவின் சிராங்கூன் சாலையில் சாப்பிட்டுவிட்டு, அதே டௌன்டவுன் பாதையில் நான்கு நிறுத்தம் போனால் பேஃபிரண்ட். கரையோரப் பூந்தோட்டங்களின் (கார்டன்ஸ் பை த பே) செயற்கைப் பெருமரங்களில் இரவு 7.45க்கும் 8.45க்கும் ஒளிக்காட்சி, கட்டணம் கிடையாது. தேக்காவிலிருந்து 8 மணிக்கே கிளம்புங்கள், நிலையத்திலிருந்து நடக்கவும் தூரம் இருக்கிறது. திரும்பும்போது கடைசி ரயிலின் நேரத்தைப் பொட்டானிக் கார்டன்ஸில், அதாவது நீங்கள் மாறும் இடத்தில் பாருங்கள். ஏறும் இடத்து நேரத்தை மட்டும் நம்பியவர்கள்தான் நடுவழியில் டாக்சி தேடுகிறார்கள்.

மளிகையும் கறிவேப்பிலையும் வேண்டுமென்றால் சனி காலை. தேக்கா ஈரச்சந்தையில் பிற்பகலுக்குள் பெரும்பாலான கடைகள் மூடிவிடும். ஞாயிறு மாலை வேண்டாம்: வெளிநாட்டு ஊழியர்களின் விடுமுறை நாள், நடைபாதையில் கால் வைக்க இடமிருக்காது. அவர்களுக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான். உங்களுக்கு வேறு நாள் இருக்கிறது.

இனி காசு விஷயம். புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். பயணக் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. ரயிலிலிருந்து இறங்கி 45 நிமிடத்துக்குள் பேருந்தில் ஏறினால் அது தொடர்பயணம். புதிதாக அடிப்படைக் கட்டணம் பிடிக்காது. ஒரு பயணத்தில் ஐந்து முறை வரை மாறலாம், எல்லாம் இரண்டு மணி நேரத்துக்குள். மூன்று இடத்தில் இது அறுந்துபோகும். வந்த எண்ணுள்ள பேருந்திலேயே மறுபடி ஏறினால் புதுப் பயணம். வெளியேறிய ரயில் நிலையத்திலேயே மறுபடி நுழைந்தாலும் அப்படியே. ஏறும்போது கைப்பேசியையும் மாறும்போது அட்டையையும் தட்டினால், இரண்டும் ஒரே வங்கிக் கணக்கானாலும் இயந்திரத்துக்கு இரண்டு வேறு ஆள். பேருந்தில் இறங்கும்போது தட்ட மறந்தால் கடைசி நிறுத்தம் வரைக்கான கட்டணம் போகும். ஊரிலிருந்து கொண்டுவந்த வங்கி அட்டைக்கு நிர்வாகக் கட்டணமும் சேரும். முழுநேர இளநிலை மாணவருக்குச் சலுகை அட்டை உண்டு; முதல் வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். ரயிலில் தண்ணீர் குடித்தாலும் குற்றம்தான், அபராதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை.

சைவத்துக்கு வருவோம். சோற்றுக்கு வேண்டிய கறிகளைக் காட்டி வாங்கும் கலவைச் சோற்றுக் கடையில் கண்ணுக்குக் கீரையாகத் தெரிவது நாக்குக்குக் கீரை அல்ல. கங்கோங் கீரையைப் பெரும்பாலும் பெலாச்சான் போட்டு வதக்குவார்கள். அது இறால் விழுது. சூப்பின் அடிநீர் நெத்திலியில், அதாவது இக்கான் பிலிஸில், கொதித்திருக்கும். 'வெஜிடேரியன்' என்று மட்டும் கேட்காதீர்கள். "நோ எக், நோ இக்கான் பிலிஸ், நோ பெலாச்சான்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சீன சைவக் கடைகளில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்கமாட்டார்கள், ஆனால் முட்டை இருக்கலாம். கோழி மாதிரி தெரிவது சோயா. 'தே' என்றால் சுண்டிய இனிப்புப் பால் சேர்த்த தேநீர், 'தே சி' என்றால் இனிப்பில்லாத ஆவிப்பாலும் சர்க்கரையும், 'தே ஓ கோசோங்' என்றால் பாலும் சர்க்கரையும் இல்லாத வெறும் தேநீர். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். உணவங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பரிலிருந்து இது கண்டிப்பு. பல இடங்களில் ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு இருக்கும், பலகையைப் பார்த்து வையுங்கள். மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் அது யாரோ பிடித்துவைத்த இடம்.

நடக்கப் பிடிக்குமென்றால் உங்கள் விடுதிக்குப் பக்கத்திலேயே வழி தொடங்குகிறது: கெண்ட் ரிட்ஜ் பூங்கா, ஹோர்ட்பார்க், தெலுக் பிளாங்கா குன்று, சாலைக்கு 36 மீட்டர் மேலே நிற்கும் ஹெண்டர்சன் அலைப்பாலம், மவுண்ட் ஃபேபர். இறங்கினால் ஹார்பர்ஃபிரண்ட், வட்டப்பாதையில் ஐந்து நிறுத்தத்தில் வீடு. மூன்று மணி நேரம், ஒரு லிட்டர் தண்ணீர். காலை ஏழரைக்குத் தொடங்குங்கள். பிற்பகலில் இடி இறங்கும் ஊர் இது, உயரத்தில் நிற்கும் இரும்பு நடைபாதையில் மாட்டிக்கொள்ள வேண்டாம். சோம்பலான நாளுக்குப் பொட்டானிக் கார்டன்ஸ் போதும். இங்குள்ள பழைய தமிழர்கள் அதைப் பூமலை என்பார்கள். காலை 5 மணிக்குத் திறந்து நள்ளிரவில்தான் மூடுகிறார்கள்.

வீட்டுக்குப் பேசுவதை இரவு ஒன்பதரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். திருச்சியில் அப்போது மணி ஏழு.