கேளுங்கள், பேசுவோம்: முறுக்கு சுற்றும் கை

கேள்வி: காரைக்குடிப் பக்கம் கல்யாண வீடுகளுக்குச் சீர்ப் பலகாரம் சுட்டுக் கொடுக்கிறேன் அம்மா. என்னோடு ஏழு பெண்கள். அதில் ஒருத்தி 11 வருஷமாக இருக்கிறாள். புருஷன் இல்லை, மகள் பிளஸ் டூ படிக்கிறாள். கைமுறுக்கு சுற்றுவதில் அவளுக்கு ஈடு கிடையாது. போன மாதம் ஒரு வீட்டில் ராத்தங்கல் வேலை. அவள் பையில் இருந்த மாத்திரை டப்பாவை இன்னொருத்தி போனில் படம் எடுத்து, மெடிக்கலில் காட்டி விசாரித்திருக்கிறாள். எச்.ஐ.வி. மாத்திரையாம். என்னிடம் மட்டும் வந்து சொன்னாள். மாவு பிசைகிற கை. தேங்காய் துருவும்போது கீறும், எண்ணெய் தெறித்துக் கொப்புளிக்கும். கல்யாண வீட்டாருக்குச் சொல்லாமல் இருப்பது துரோகம் இல்லையா? அவளை நிறுத்தவும் மனசு வரவில்லை. பேசாமல் எல்லோரையும் டெஸ்ட் எடுத்து வரச் சொல்லிவிடலாமா?
– பெயர் வேண்டாம், தேவகோட்டை அருகே

பதில்: அந்தக் கை சுற்றிய முறுக்கை நான் சாப்பிடுவேன், என் பேரனுக்கும் கொடுப்பேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எச்.ஐ.வி. உடலுறவால் பரவும். தொற்றுள்ள ரத்தம் ஏற்றுவதால், ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போடுவதால் பரவும். கர்ப்பத்திலும் பிரசவத்திலும் தாய்ப்பாலிலும் பிள்ளைக்குப் போகலாம். வியர்வையிலோ எச்சிலிலோ சேர்ந்து உண்பதிலோ பரவாது. நீங்கள் பயப்படுவதுபோல் கீறலிலிருந்து ஒரு சொட்டு மாவில் விழுந்தே விட்டாலும், வெளிக்காற்றில் நலிந்துபோகிற கிருமி அது. கொதிக்கிற எண்ணெயில் மிஞ்சாது. விரல் கீறினால் பிளாஸ்திரி போட்டுக்கொண்டு, ஆறும்வரை மாவைத் தொடாமல் இருக்க வேண்டும். அது உங்களையும் சேர்த்து எட்டுப் பேருக்கும் பொதுவான சுத்தம்.

அவர் மாத்திரை சாப்பிடுகிறார் என்பதுதான் உங்கள் கடிதத்தில் எனக்குச் சந்தோஷம் தந்த வரி. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தருகிற அரசு நம்பிக்கை மையத்தில் நான் ஆலோசகராகச் சேர்ந்தபோது, கிருமியை அடக்கும் கூட்டு மருந்தை அரசாங்கம் தரத் தொடங்கியிருக்கவில்லை. ரிசல்ட்டைச் சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்திருப்போம். கொடுக்க எங்களிடம் ஒன்றும் இருக்காது. 2004 ஏப்ரலில்தான் இலவச மருந்து வந்தது. இன்று பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை, அதற்குள் மூன்று மருந்து. தவறாமல் சாப்பிட்டு, பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி குறைந்த நிலையிலேயே இருந்தால், உடலுறவால்கூட அவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகாது. அப்புறம் முறுக்கில் எங்கே போகும்?

ஆனாலும் உங்கள் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதை ஊட்டியவர்களில் நானும் ஒருத்தி. எலும்பும் தோலுமான உருவம், மண்டையோடு, ‘ஆள்கொல்லி நோய்’ என்ற எழுத்து எல்லாவற்றையும் ஊர் ஊராகச் சுவரில் ஒட்டினோம். பயந்தால் ஜனங்கள் ஜாக்கிரதையாக இருப்பார்கள் என்று நம்பினோம். அது தப்பு. ஜனங்கள் நோயை விட்டுவிட்டு நோயாளியைக் கண்டு பயந்தார்கள்.

அந்தப் பயம் என்ன செய்யும் என்பதற்கு ஒருவரைச் சொல்கிறேன். அவரும் உங்களைப்போல் அடுப்படி வேலை பார்த்தவர்தான். மாத்திரை டப்பா குலுங்கிச் சத்தம் கேட்கிறதென்று மாத்திரைகளை மஞ்சள்தூள் டப்பாவுக்குள் துணியில் முடிந்து வைத்திருந்தார். பக்கத்தில் மருந்து வாங்கினால் ஊர்க்காரர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று மதுரைக்குப் போவார். பஸ் காசு ஒரு பக்கம், ஒரு நாள் கூலி போவது இன்னொரு பக்கம். ஒரு மாதம் போகவில்லை, அடுத்த மாதமும் போகவில்லை. திரும்ப என் எதிரில் வந்து உட்கார்ந்தபோது எடை 31 கிலோ, டி.பி. வேறு. பிழைத்துக்கொண்டார். ஆனால் பழைய மருந்து அவருக்குக் கேட்கவில்லை. அடுத்த கட்ட மருந்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். மருந்து கேட்காத கிருமி ஊரில் பரவினால் அது எல்லோருக்கும்தான் கஷ்டம்.

இனி துரோகத்துக்கு வருகிறேன். கல்யாண வீட்டார் உங்களிடம் கேட்பது ருசி, சுத்தம், சொன்ன எண்ணிக்கை. தேன்குழல் பிழிகிறவருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறதா என்று அவர்களும் கேட்பதில்லை, நீங்களும் சொல்வதில்லை. அவர்களுக்கு ஆபத்து இல்லாத ஒன்றைச் சொல்லாமல் இருப்பது துரோகம் ஆகாது. அந்தப் பெண்ணின் ரகசியம் அவருடையது. எடுத்துக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

டெஸ்ட் யோசனையை அடியோடு விடுங்கள். எச்.ஐ.வி.க்கென்று 2017-இல் வந்த சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலை கொடுக்க இந்தப் பரிசோதனையை நிபந்தனையாக்கக் கூடாது. தொற்று இருப்பதைக் காரணம் காட்டி ஒதுக்கி வேலையை விட்டு நிறுத்தவும் கூடாது.

முதல் வேலையாக, படம் எடுத்தவரைத் தனியாகக் கூப்பிட்டு உங்கள் கண் முன்னாலேயே அதை அழிக்கச் சொல்லுங்கள். யாருக்காவது அனுப்பியிருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

பிறகு மாத்திரை சாப்பிடுகிற அந்தப் பெண்ணிடம் பேசுங்கள். தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளாமல் இருந்துவிடலாமே என்று நானும் யோசித்தேன். ஆனால் இன்னொருவருக்கும் தெரிந்துவிட்டது. நாளைக்கு எங்கேயோ கேட்டு அதிர்வதைவிட உங்கள் வாயால் கேட்பது மேல். “தங்கச்சி, உன் மாத்திரை விஷயம் என் காதுக்கு வந்துச்சு. உன் வேலை அப்படியே இருக்கு. என் வாயால வேற யாருக்கும் போகாது.” இவ்வளவு போதும். தொற்று எப்படி வந்தது, யாரால் வந்தது என்று கேட்கவே கேட்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போக லீவு கேட்டால் காரணம் கேட்காமல் கொடுங்கள். ராத்தங்கல் வேலைக்குப் போகிற வீட்டில் பைகளை இரண்டாங்கட்டுப் பத்தியில் குவிக்காமல், பூட்டு உள்ள ஓர் அலமாரி கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மகளுக்கு வரன் பார்க்கிறோம். மாப்பிள்ளையிடம் எச்.ஐ.வி. டெஸ்ட் கேட்டால் தப்பாக நினைப்பார்களா?
– வாசகர், காரைக்குடி

பதில்: மாப்பிள்ளையிடம் மட்டும் கேட்டால் நினைப்பார்கள்தான். மகளும் எடுத்துக்கொள்ளட்டும். முதலில் பிள்ளைகள் இருவரும் மனமொத்துச் சம்மதிக்க வேண்டும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசம். ரிசல்ட்டை அவரவரிடம்தான் சொல்வார்கள், பெற்றோரிடம் அல்ல. அதில் கோபப்படாதீர்கள். சமீபத்தில் தொற்றியிருந்தால் முதல் சோதனையில் தெரியாமல் போகலாம். சந்தேகம் இருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற அரசு எய்ட்ஸ் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். காசு கிடையாது, பெயரும் சொல்ல வேண்டாம்.