பழைய மென்பொருளின் யுஎஸ்பி டாங்கிளுக்கு 64-பிட் விண்டோஸில் டிரைவர் நிறுவுவது எப்படி?

மென்பொருளோடு வந்த சிடியை எடுத்து ஓரமாக வையுங்கள். நான் இரண்டு நாள் மாரடித்தது அதோடுதான்.

என்னுடையது விண்டோஸ் எக்ஸ்பி காலத்து டிசைன் மென்பொருள். உரிமத்துக்குச் சாட்சியான யுஎஸ்பி டாங்கிளைச் செருகினால்தான் அது திறக்கும். பழைய கணினி செத்துப்போனதால் விண்டோஸ் 10-க்கு மாறினேன். சிடியின் செட்டப் ‘வெற்றிகரமாக நிறுவப்பட்டது’ என்றது. மென்பொருளைத் திறந்தால் ‘டாங்கிள் இல்லை’. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், கோட் 52. டிரைவரின் டிஜிட்டல் கையொப்பம் செல்லாது என்று பொருள். 32-பிட் மென்பொருளை 64-பிட் விண்டோஸ் ஓட்டிவிடும். ஆனால் டிரைவர் 64-பிட்டாகவும் கையொப்பத்தோடும் இருந்தே ஆக வேண்டும்.

டிரைவரை மென்பொருளின் பெயரை வைத்துத் தேடாதீர்கள், டாங்கிளைச் செய்தது யார் என்று பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் அதன் ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்டுவேர் ஐடி. அதில் வரும் விஐடி, அதாவது தயாரிப்பாளரைக் குறிக்கும் எண், 0529 என்றால் அது ஹாஸ்ப். 04பி9 என்றால் ரெயின்போவின் சென்டினல். 064எஃப் என்றால் விபு நிறுவனத்துடையது. ஹாஸ்பை உருவாக்கிய அலாடின் நிறுவனம் கைமாறிக் கைமாறி 2019 முதல் தாலெஸ் நிறுவனத்திடம் இருக்கிறது. அதனால் ‘ஹாஸ்ப் டிரைவர்’ என்று தேடாமல் தாலெஸ் தளத்தில் சென்டினல் ரன்டைம் (ஹாஸ்பின் இப்போதைய டிரைவர்) என்று தேடுங்கள். கண்ட டிரைவர் தளங்கள் பக்கம் போகவே வேண்டாம்.

இறக்கிய பிறகு டாங்கிளைப் பிடுங்கிவிட்டு, பழைய டிரைவரை நீக்கி, கணினியை மறுதொடக்கம் செய்து, புதியதை அட்மினிஸ்ட்ரேட்டராக நிறுவுங்கள். டாங்கிளைச் செருகுவது கடைசியில்தான். ஹாஸ்ப் எச்எல் என்றால் அதிலுள்ள குட்டி விளக்கு எரியும். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:1947 என்று அடித்தால் வரும் பக்கத்தில் டாங்கிள் பட்டியலில் தெரிய வேண்டும்.

எனக்கு விளக்கும் எரிந்தது, பட்டியலிலும் தெரிந்தது, மென்பொருள் மட்டும் திறக்கவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது: நான் அடுத்த அறையிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன்! இப்படிப்பட்ட மென்பொருள்கள் பல, ரிமோட்டில் வந்தால் திறக்காது. எழுந்துபோய் நேராக உட்கார்ந்தேன், சரியாகிவிட்டது.

டிவைஸ் மேனேஜரில் கோட் 39 (டிரைவரை ஏற்ற முடியவில்லை) வந்தால் விண்டோஸ் செக்யூரிட்டியின் கோர் ஐசோலேஷனில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதி பழைய டிரைவரைத் தடுக்கிறதா என்று பாருங்கள். அதை அணைத்துவிடச் சொல்லிப் பலர் எழுதுகிறார்கள். இணையத்தில் இருக்கும் கணினியில் நான் செய்ய மாட்டேன். புதிய டிரைவரே கிடைக்காவிட்டால் விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினி) 32-பிட் விண்டோஸ் போட்டு, நெட்வொர்க்கைத் துண்டித்து, டாங்கிளை அதற்குள் திருப்பிவிடுங்கள்.

அப்புறம் ஒன்று, உங்களுடையது பிரிண்டர் போர்ட்டில் மாட்டும் டாங்கிளாக இருந்து, யுஎஸ்பி மாற்றிக் கேபிள் வழியாகச் செருகியிருந்தால் இதெல்லாம் உதவாது. அந்தக் கேபிள்கள் பெரும்பாலும் பிரிண்டருக்கு மட்டுமே வேலை செய்யும்.