புதிதாகக் கல்யாணமானவர்கள் சேலத்தில் வார இறுதியைப் புதுமையாகக் கழிப்பது எப்படி?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் விவரம் இது: "கல்யாணமாகி நான்கு மாதம். ஏற்காடு, மேட்டூர், குரும்பப்பட்டி பூங்கா எல்லாம் காட்டிவிட்டேன். இனிமேல் புதிதாக என்ன இருக்கிறது?" அதில் வரும் "காட்டிவிட்டேன்" என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் உள்ளூர், உங்கள் மனைவி வெளியூர் என்று எடுத்துக்கொள்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும், ஆனால் அப்படித்தான் இருக்கும். உள்ளூர்க்காரனுக்குத்தான் இந்த வியாதி வரும். எனக்கும் வந்தது.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். பிறந்து வளர்ந்ததெல்லாம் சேலம். என் மனைவிக்கு மன்னார்குடிப் பக்கம் கிராமம். நெல்லையும் உளுந்தையும் விட்டால் வேறு பேச்சில்லாத ஊர். சேலத்தில் பெண்ணே கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள், அதை என் ஜாதகத்திடம்தான் கேட்க வேண்டும். தை மாதம் கல்யாணம். அப்புறம் நாலு மாதம் நானும் உங்களைப் போலவே "காட்டினேன்".

அதில் உச்சம் ஏற்காடு. கோடை விழா நடக்கிற மே மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் கிளம்பியதே முதல் முட்டாள்தனம். பைக்கில் போனோம். மலையடிவாரத்துக்கு முன்னால் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் நுழைவாயில் வளைவு வந்ததும் வண்டியை ஓரங்கட்டி ஆரம்பித்தேன். 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கியது, எம்.ஜி.ஆர். நடித்த இடம், கருணாநிதி வசனம் எழுதிய இடம், நூறு படத்துக்கு மேல் எடுத்த கம்பெனி, இன்றைக்கு இந்த வளைவுதான் மிச்சம். அதற்குப் பிறகு மலைப்பாதை. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சத்தம்போட்டு எண்ணிக்கொண்டே ஏறினேன். பதினாலாவது வளைவில் தோளைத் தட்டினாள். நிறுத்தினேன். இறங்கி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு, "அவ்வளவுதான், இன்னும் ஆறுதான்" என்றேன்.

மேலே போயும் நான் ஓயவில்லை. ஏரியில் படகுக்கு ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றபோது, ஏற்காடு 1515 மீட்டர் உயரம் என்றேன். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரைதான் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்றேன். லேடீஸ் சீட்டில் நின்று, வானம் தெளிவாக இருந்தால் மேட்டூர் அணைகூடத் தெரியும் என்றேன். அன்றைக்கு மேகம். அப்புறம் பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில் என்று ஒன்றையும் விடவில்லை.

ராத்திரி வீட்டுக்கு வந்து, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். வாந்தி பட்ட துப்பட்டாவை அலசிக்கொண்டே சொன்னாள்: "நல்லாத்தான் இருந்துச்சுங்க. ஆனா நீங்க ஊரைக் காட்டலைங்க, ஒப்பிச்சீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது. யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது நியாயம். எனக்கு எல்லாமே தெரிந்த இடம், அவளுக்கு எதுவுமே தெரியாத இடம். நான் பேச, அவள் தலையாட்ட வேண்டியதுதான். அதில் புதுமை அவளுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அதன் பிறகு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இனிமே ரெண்டு பேருக்கும் தெரியாததா ஏதாச்சும் செய்வோமே." உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதிலும் இதுதான்.

பெண்டாட்டிதாசன் என்று கருத்துப் பெட்டியில் எழுதத் தயாராக இருப்பவர்கள் தாராளமாக எழுதலாம். "குழந்தை பிறக்கட்டும், அப்போது பேசு" என்பவர்களுக்கும் இப்போதே கும்பிடு. அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அதற்காக இப்போதே உட்கார்ந்து சோகப்பட முடியாது இல்லையா?

மற்ற பதில்களில் ஒருவர், "போகிற இடமெல்லாம் நிறைய போட்டோ எடுங்கள், பின்னால் அருமை தெரியும்" என்று எழுதியிருக்கிறார். போட்டோ என்ற சொல்லே எனக்கு ஆகாது. எங்கள் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர் முக்கால்வாசிப் பணத்தை முன்பணமாகவே வாங்கிக்கொண்டார். ஆல்பம் வந்தது பதினாலு மாதம் கழித்து. கேட்கும்போதெல்லாம் "பிரின்டிங்ல இருக்கு தலைவா" என்பார். வந்த ஆல்பத்தில் பதினெட்டாம் பக்கத்தில் பச்சைப் பட்டுப்புடவையில் ஒரு பெரியம்மா எங்களை ஆசீர்வதித்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு வீட்டிலும் விசாரித்துவிட்டோம், அவர் யாருக்கும் உறவில்லை. வேறு கல்யாணத்துப் பெரியம்மாவை வெட்டி ஒட்டினார்களா, அவர் நிஜமாகவே சாப்பிட வந்தவரா, இன்றுவரை தெரியாது. கடைப் பெயரைச் சொல்ல மாட்டேன். வீடியோ இன்னும் அவர்கள் கையில் இருக்கிறது. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லைதான், விடுங்கள்.

ஆடி வந்தது. தலை ஆடிக்கு இவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். உங்களுக்கும் இது வரும், தயாராக இருங்கள். நம் ஊரில் ஆடி 1 தேங்காய் சுடுகிற நாள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இவளுக்கு அது என்னவென்றே தெரியாது. "தேங்காயைப் போய் யாராவது சுடுவாங்களா?" என்றாள். சரி, உங்கள் ஊரிலேயே சுடுவோம் என்று சின்னக்கடை வீதியில் அழிஞ்சில் குச்சி ரெண்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். திருச்சி வரைக்கும் கண்டக்டர் அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அங்கே போய்ச் சேர்ந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மாமனார் கேட்ட முதல் கேள்வி: "மாப்ளே, மேட்டூர்ல எத்தனை அடி?" சேலம் மாவட்டத்துக்காரன் என்றால் அணையின் சாவியே நம் இடுப்பில் தொங்குகிறது என்று அந்தப் பக்கம் நினைக்கிறார்கள். அவர்கள் வயிறு அந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது, குறை சொல்லக் கூடாது. இப்போதெல்லாம் போன் செய்வதற்கு முன் பேப்பரில் நீர்மட்டத்தைப் பார்த்து வைத்துக்கொள்கிறேன்.

இனிதான் விஷயம். சின்ன வயதிலிருந்து தேங்காய் சுட்டிருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, நான் செய்ததெல்லாம் குச்சியைப் பிடித்தது மட்டும்தான். நாரை உரித்துத் தரையில் தேய்த்து வழவழப்பாக்கியது அப்பா. கண்ணைத் திறந்து தண்ணீரை வடித்து, பாசிப்பருப்பும் வெல்லமும் எள்ளும் அவலும் பொட்டுக்கடலையும் திணித்தது அம்மா. குச்சியை இறுக்கி மஞ்சள் பூசியதும் அம்மாதான். இதெல்லாம் மாமனார் வீட்டு வாசலில், அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் கூடி நின்று பார்க்கும்போதுதான் எனக்குப் புத்தியில் உறைத்தது. நானும் இவளும் கிணற்றடியில் உட்கார்ந்து, அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுக் கேட்டுத் திணித்தோம். எள் எவ்வளவு என்று கேட்டால் "கண்ணளவுதான்டா" என்கிறார். போனில் கண்ணளவை எப்படிப் பிடிப்பது? குச்சி சரியாக இறுகவில்லை. பாதி சுடும்போதே தேங்காய் கழன்று நெருப்புக்குள் விழுந்தது. மச்சான் ஒரு பக்கம் கம்பை விட்டுத் தள்ள, இவள் சிரித்துச் சிரித்துத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள்.

எடுத்து உடைத்தால் ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் பச்சை. பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு எல்லாரும் ஆளுக்கொரு சில்லு தின்றோம். அத்தை மட்டும் உள்ளே போய், "மாப்ளை ஊர்ல இதுதான் விசேஷமா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. மறுநாள் நான் மட்டும் சேலத்துக்குத் திரும்பினேன். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரெல்லாம் ரேடியோ செட் அலற, நான் வீட்டில் தனியாக. அந்த மாதத்தைப் பற்றி எழுத விருப்பமில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் தட்டுவடை செட் சாப்பிடுவதையும் இப்படித்தான் மாற்றினோம். எனக்குப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஒரே கடை, வேறு கடையில் கைவைக்க மாட்டேன். இரண்டு தட்டுக்கு நடுவில் துருவின பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும், மேலே ரெண்டு சட்னி. இதில் கடைக்குக் கடை என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்திருந்தேன். இப்போது வாரம் ஒரு தள்ளுவண்டி, இரண்டு பேரும் போயிராததாக. பாதி தேறாது. தேறாத கடைகளைத்தான் இவள் அதிக நாள் ஞாபகம் வைத்துப் பேசுகிறாள்.

மறுபடியும் ஏற்காட்டுக்கு வருகிறேன். போன வருடம் பங்குனியில், பட்டறையில் மெருகு போடுகிற அண்ணன் ஒருவர் சொன்னார்: "சார், எங்க மலையில காப்பி பூத்திருக்கு. ஞாயித்துக்கிழமை வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க. அடுத்த வாரம்னா இருக்காது." நாகலூருக்கு அந்தப் பக்கம் அவர் ஊர். இந்தத் தடவை பைக் வேண்டாம் என்று விடியற்காலை பஸ்ஸில், முன்னால் ஜன்னலோர சீட், இவள் கையில் ஒரு எலுமிச்சம்பழம். நான் வளைவுகளை எண்ணவில்லை. மனதுக்குள் எண்ணினேன், அது வேறு.

இறங்கி நடக்கும்போது பூ கண்ணில் படும் முன்பே வாசம் வந்துவிட்டது. மல்லிகை மாதிரி, ஆனால் இன்னும் கொஞ்சம் தேன் கலந்தாற்போல. யார் வீட்டிலோ சாமி கும்பிடுகிறார்கள் என்றுதான் இவள் நினைத்தாளாம். திரும்பினால் சரிவு முழுக்க வெள்ளை. கிளையில் கணுவுக்குக் கணு பொரியைக் கொட்டி ஒட்டினாற்போல. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்க, கீழே செடியெல்லாம் பூ, பூவெல்லாம் தேனீ. இருபத்தொன்பது வயது வரைக்கும் முப்பது கிலோமீட்டரில் இருந்துகொண்டு இதை நான் பார்த்ததே இல்லை. நாம் போவது மே மாதம். அதற்குள் பூவெல்லாம் உதிர்ந்து பச்சைப் பொட்டாக நிற்கும். காக்பர்ன் துரையைப் பற்றி ஒப்பித்தேனே, அன்றைக்கும் இதே செடிகளைத் தாண்டித்தான் போயிருக்கிறோம்.

அண்ணன் விளக்கினார். மொட்டுகள் முன்னாலேயே வந்து தூங்கிக்கொண்டிருக்குமாம். கோடையில் ஒரு நல்ல மழை விழ வேண்டும். விழுந்து எட்டு, பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே சமயத்தில் பூத்து, மூன்று நான்கு நாளில் வாடிவிடும். பழம் கார்த்திகைக்கு மேல்தான்.

இவள் குறுக்கிட்டாள். "எங்க ஊர்ல நெல்லு பூக்கறப்ப மழை பேஞ்சா பதராப் போயிடும்ண்ணே. இங்க மழை பேஞ்சாத்தான் பூவே வருமா?" அவர், பூ விரிந்த பிறகு கனமழை அடித்தால் இங்கேயும் கெடுதல்தான் என்றார். அவ்வளவுதான், இரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள். குலை நோய், கூலியாள் பஞ்சம், மிளகு விலை என்று பேச்சு அரைமணி நேரம் ஓடியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அரைமணி நேரம் நான் வாயைத் திறக்கவே இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை என்கிறாள் இவள், நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒரு கொத்தைத் தலையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். "பறிக்காதீங்கம்மா, ஒரு பூ ஒரு பழம்" என்றார். வீட்டில் அவருடைய ஆயா, தோட்டத்துக் கொட்டையைச் சட்டியில் வறுத்து இடித்து, வெல்லம் போட்டுப் பால் இல்லாமல் காப்பி கொடுத்தார். இரண்டு பேருக்கும் அது புதுசு. முதல் வாய் கசந்தது, இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தோம். பஸ் காசும் கொண்டுபோன அரைக் கிலோ மிக்சரும்தான் செலவு. காசில்லாதவன் பேசுகிற தத்துவம் என்று யாராவது சொன்னால், ஆமாம், காசு இருந்தால் நானும் மூணாறு போயிருப்பேன்.

நீங்களும் போவதாக இருந்தால் ஒன்று. தோட்டங்கள் தனியாருடையவை, கேட்காமல் உள்ளே இறங்காதீர்கள். மலையில் தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் "எங்கே பூத்திருக்கு?" என்று கேட்டாலே போதும். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்தால் இன்னும் நல்லது.

இந்த வருடம் போன செவ்வாய்க்கிழமை மலையில் மழை. சமையலறைக் காலண்டரில் எட்டாம் நாளையும் பத்தாம் நாளையும் இவள் சுழித்து வைத்திருக்கிறாள். நான் இன்னும் பட்டறையில் லீவு கேட்கவில்லை.